இதய ஆய்வாளரின் சைட்டேஷனை எண்ணும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரியில் ஒரு சிஎம்இ (மருத்துவர்களுக்கான தொடர்கல்விக் கூட்டம்) நடந்தால், பேச்சாளர் மேடை ஏறும் முன் ஒரு பக்க அறிமுகம் வாசிப்பார்கள். இருநூறு கட்டுரை, எட்டாயிரம் சைட்டேஷன், எச் இண்டெக்ஸ் 40 என்று போகும். சைட்டேஷன் என்பது பிற கட்டுரைகள் இவர் கட்டுரையை மேற்கோள் காட்டிய எண்ணிக்கை. அந்தப் பக்கத்தைத் தயாரித்தவர் பெரும்பாலும் ஒரு பிஜி மாணவராக இருப்பார். முந்தின நாள் ராத்திரி கூகுள் ஸ்காலர் என்ற ஆய்வுக் கட்டுரைத் தேடுதளத்தைத் திறந்து, வலப்பக்கக் கட்டத்தில் இருந்ததை அப்படியே இறக்கியிருப்பார். ஆய்வுக்குக் கைடு தேடுகிறவர்களும் நேர்காணல் குழுவில் உட்காருகிறவர்களும் பார்ப்பது அதே கட்டத்தைத்தான். அதில் உள்ள எண் எப்படி வந்தது என்று கேட்காமல் எடுத்தால், சில நேரம் வேறொருவர் உழைப்பையே இவர் கணக்கில் சேர்த்து வாசிக்க நேரும்.

பெயரில் தொடங்கும் குழப்பம்

நம் பக்கத்துப் பெயரில் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்துதான் இனிஷியல். ஆனால் இதழ்களின் படிவத்தில் குடும்பப் பெயர் கட்டாயக் கட்டம். சுப்பிரமணியன் மகன் முருகன் ஒரு கட்டுரையில் 'முருகன் எஸ்' ஆகிறார். அடுத்த இதழில் அப்பா பெயரை விரித்து எழுதியதால் 'சுப்பிரமணியன் எம்' ஆகிவிடுகிறார். தரவுத்தளத்துக்கு இவர்கள் இரண்டு பேர். இன்னொரு பக்கம், 'முருகன் எஸ்' என்று பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளத்தில் தேடினால் தோல் மருத்துவரும் பூச்சியியல்காரரும் இதய நோய் நிபுணரும் ஒரே வரிசையில் வந்து நிற்பார்கள்.

புதுச்சேரியில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. பிரெஞ்சு ஆவணங்கள் வழியாக வந்த குடும்பங்களில் முருகன் என்ற பெயரை எம், ஓ, யூ, ஆர், ஓ, யூ என்று தொடங்கி எழுதுவார்கள். சென்னையில் பதிவானவர் ஓ இல்லாமல் எழுதுவார். ஒரே ஆள் பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரியும் கட்டுரையில் வேறு மாதிரியும் இருப்பது இங்கே சாதாரணம்.

ஊர்ப் பெயரும் கைவிடும். 2006இல் பாண்டிச்சேரி புதுச்சேரி ஆனது. பழைய கட்டுரைகளில் பழைய பெயர், புதியவற்றில் சில சமயம் இரண்டும். கடலூர் மாவட்டத்தில், சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியை 2021இல் அரசின் சுகாதாரத் துறை எடுத்துக்கொண்டது. அதனால் அதே துறையில் அதே ஆள் எழுதிய கட்டுரைகள் அண்ணாமலைநகர் முகவரியில் பாதியும் அரசுக் கல்லூரி முகவரியில் மீதியுமாகக் கிடக்கும். பப்மெட்டில் 2014க்கு முந்தைய கட்டுரைகளுக்குப் பொதுவாக முதல் ஆசிரியரின் முகவரி மட்டுமே பதிவாகியிருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. முதல் ஆசிரியர் வேறு நிறுவனத்தவர் என்றால், ஜிப்மர் என்று முகவரியில் தேடி, ஜிப்மர்காரர் ஒருவர் நான்காவது பெயராக வந்த 2009ஆம் ஆண்டுக் கட்டுரையைப் பிடிக்க முடியாது.

சரியான வழி இது. அவருடையதுதான் என்று உறுதியாகத் தெரிந்த ஒரு கட்டுரையை முதலில் எடுங்கள். அதில் ஆர்கிட் எண் இருந்தால் வேலை பாதி முடிந்தது. பதினாறு இலக்கம் கொண்ட அந்த எண் ஆளுக்கு ஒன்றுதான். இல்லையென்றால் உடன் எழுதியவர்களின் பெயர்களைக் குறித்துக்கொண்டு, பெயரின் இரண்டு வடிவத்தையும், ஊரின் இரண்டு வடிவத்தையும் தனித்தனியே 'ஆர்' ('அல்லது') என்ற இணைப்புச் சொல்லால் சேர்த்துத் தேடுங்கள். வந்த பட்டியலை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். சலிப்பான வேலைதான், குறுக்கு வழி கிடையாது. கூகுள் ஸ்காலர் பக்கத்தை மட்டும் நம்பாதீர்கள். 'தானாகச் சேர்' என்ற அமைப்பை விட்டுவைத்தால் பெயர் ஒத்துப்போகும் அடுத்தவர் கட்டுரையும் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். உரியவர் பார்த்து நீக்காதவரை அது அங்கேயே இருக்கும்.

எந்தத் தராசு

கூகுள் ஸ்காலர் ஆய்வேடு, இதழில் வரும் முன் வெளியிட்ட முன்பதிப்பு, கருத்தரங்கத் தொகுப்பு என்று கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணும். ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் ஆகிய தரவுத்தளங்கள் தாங்கள் தேர்ந்தெடுத்த இதழ்களை மட்டும் எண்ணும். அதனால் ஒரே ஆளுக்கு மூன்று எண். ஒருவரை ஸ்காலரிலும் இன்னொருவரை ஸ்கோபஸிலும் எடுத்து ஒப்பிடுவது, ஒருவரைச் செருப்போடும் இன்னொருவரை வெறுங்காலோடும் நிற்கவைத்து உயரம் அளப்பது மாதிரி.

எச் இண்டெக்ஸை 2005இல் முன்வைத்தவர் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். குறைந்தது எச் சைட்டேஷன் பெற்ற கட்டுரைகள் எச் எண்ணிக்கையில் இருக்க வேண்டும், அப்படி வரும் மிகப் பெரிய எண்தான் எச். ஆறு கட்டுரைகளுக்கு முறையே 210, 34, 12, 5, 4, 1 சைட்டேஷன் என்று வையுங்கள். குறைந்தது நான்கு சைட்டேஷன் பெற்றவை நான்குக்குக் குறையாமல் இருக்கின்றன, குறைந்தது ஐந்து பெற்றவை ஐந்து இல்லை. ஆக எச் 4. அந்த 210 என்பது 2,100 ஆனாலும் எச் 4தான். ஒரே ஒரு பெரிய கண்டுபிடிப்பு செய்தவரை இந்த அளவு கண்டுகொள்ளாது. இன்னொன்று, இது ஏறுமே தவிர இறங்காது. ஓய்வுபெற்றவரின் எச் இண்டெக்ஸையும், பணியில் சேர்ந்து மூன்றாண்டு ஆன உதவிப் பேராசிரியரின் எச் இண்டெக்ஸையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பொருளில்லை. துறைக்குள்ளும் வித்தியாசம் உண்டு. ஸ்டென்ட் பற்றி எழுதுகிறவர்கள் உலகெங்கும் ஏராளம், வாத இதய நோய் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு. மேற்கோள் காட்ட ஆள் குறைந்தால் எண்ணும் குறையும், வேலையின் தரம் குறைந்ததாக ஆகாது. இதைச் சரிக்கட்ட அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் ஐசைட் தளம் உதவும். பப்மெட் எண்களை அதில் ஒட்டினால், அதே வகைக் கட்டுரைகளோடு ஒப்பிட்ட விகிதம் கிடைக்கும். 1 என்றால் அந்நிறுவன நிதியில் வந்த கட்டுரைகளின் நடு மதிப்பு. செலவு இல்லை.

இம்பேக்ட் ஃபேக்டர் இதழின் எண், ஆளின் எண் அல்ல. முந்தைய இரண்டு ஆண்டுகளின் கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு வந்த சைட்டேஷனை, அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்த சராசரி, அவ்வளவுதான். கட்டுரைகளின் இம்பேக்ட் ஃபேக்டரையெல்லாம் கூட்டி 'மொத்தம் 180' என்று பயோடேட்டாவில் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பப்மெட்டில் இருப்பதே தரச்சான்று என்று நினைப்பதும் அதே ரகம். தேர்ந்தெடுத்த இதழ்களின் பட்டியலான மெட்லைனில் சேராத இதழ்களின் கட்டுரைகளும், பப்மெட் சென்ட்ரல் என்ற முழுக்கட்டுரைக் களஞ்சியம் வழியாக அங்கே தெரியும்.

பெயர் இருக்கிறது, பங்கு என்ன?

இதயவியலில் எண்ணைப் பெருக்கும் மூன்று வகைக் கட்டுரைகள் உண்டு. பன்னாட்டுப் பெருஞ்சோதனைகள், சிகிச்சை வழிகாட்டுதல்கள், ரெவ்யூ எனப்படும் தொகுப்புரைகள். மாரடைப்புக்கான நான்காவது உலகப் பொது வரையறை 2018இல் வந்தது. மாரடைப்பைக் கண்டறிய ரத்தத்தில் அளக்கும் டிரோபோனின் பற்றி யார் எழுதினாலும் அதைத் தொட்டுத்தான் ஆக வேண்டும். 52 நாடுகளில் நடந்து 2004இல் லான்செட்டில் வந்த இன்டர்ஹார்ட் ஆய்வும் அப்படி. இத்தகைய கட்டுரையில் பெயர் வந்தால் சைட்டேஷன் மளமளவென்று ஏறும். பெரிய சோதனைகளில் நோயாளிகளைச் சேர்த்துக் கொடுத்த மையங்களின் மருத்துவர்களை 'ஒத்துழைப்பாளர்' என்று பப்மெட் தனிப் பட்டியலில் காட்டும். அது மதிப்புள்ள உழைப்பு, ஆனால் ஆசிரியர் பொறுப்பு வேறு. எனவே முதல் பெயர், கடைசிப் பெயர், தொடர்புக்குரியவர் என்ற மூன்று இடங்களில் எத்தனை கட்டுரை என்று தனியே எண்ணுங்கள். பக்க எண்ணுக்கு முன்னால் எஸ் அல்லது ஏ என்ற எழுத்து நின்றால் அது மாநாட்டுச் சுருக்கமாக இருக்கலாம். சுருக்கம்தான் என்றால் முழுக் கட்டுரையோடு சேர்க்க வேண்டாம்.

சைட்டேஷன் பாராட்டாகாது

இங்கே தவறினால்தான் விலை அதிகம். நெதர்லாந்தின் டான் போல்டர்மான்ஸ், அறுவைக்கு முன் பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து) தொடங்குவது பற்றிய டிக்ரீஸ் ஆய்வுகளால் பெயர் பெற்றவர். 2009 ஐரோப்பிய வழிகாட்டுதல் குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. ஆய்வு நெறிமீறல்களுக்காக 2011இல் பல்கலைக்கழகம் அவரை நீக்கியது. அந்த ஆய்வுகளை ஒதுக்கிவிட்டு மீதிச் சோதனைகளை மட்டும் கூட்டிப் பார்த்த தொகுப்பாய்வு, 2014இல் ஹார்ட் இதழில் வந்தது. அறுவையையொட்டிப் புதிதாக அந்த மருந்து தொடங்கப்பட்டவர்களிடம் இறப்பு 27 சதவீதம் அதிகம் என்றது அது. (ஏற்கெனவே சாப்பிட்டு வருகிறவர் தானாக நிறுத்துவது வேறு கதை, அதுவும் ஆபத்து.) இதயத் தண்டணு (ஸ்டெம் செல்) ஆய்வில் கொடிகட்டிப் பறந்த பியரோ அன்வெர்சாவின் 31 கட்டுரைகளைத் திரும்பப் பெற ஹார்வர்டு 2018இல் பரிந்துரைத்தது. 2020 மே முதல் தேதி நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த, சர்ஜிஸ்பியர் நிறுவனத்தின் சரிபார்க்க முடியாத தரவை நம்பிய கோவிட்–இதய நோய்க் கட்டுரை ஜூன் 4இல் வாபஸ் ஆனது. அதற்குப் பிறகும் அதை மேற்கோள் காட்டியவர்கள் உண்டு.

எனவே அதிகம் மேற்கோள் பெற்ற முதல் பத்துக் கட்டுரையையாவது ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற, திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளின் தரவுத்தளத்தில் போட்டுப் பாருங்கள். 2023 முதல் அது கட்டுரைகளுக்கு அடையாள எண் தரும் கிராஸ்ரெஃப் அமைப்பின் வசம், இலவசம். மேற்கோள்களைச் சேமிக்கும் ஸொட்டெரோ மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு எச்சரிக்கைப் பட்டை தானாக வரும். பிறகு, மேற்கோள் காட்டிய கட்டுரைகளில் ஒரு இருபதைத் திறந்து, பெயர் வரும் வாக்கியத்தை மட்டும் படியுங்கள். முறையைப் பயன்படுத்தினார்களா, முடிவை மறுத்தார்களா, முன்னுரையில் ஒப்புக்குச் சேர்த்தார்களா, சொந்தக் குழுவே காட்டிக்கொண்டதா என்பது அதில் தெரிந்துவிடும். சொந்த மேற்கோளை விலக்கிப் பார்க்க ஸ்கோபஸில் வசதி உண்டு.

கணக்கில் விழாத செல்வாக்கு

கடலூரில் எந்த ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தாலும் தாளின் மேல் ஓரத்தில் கியூடிசி (துடிப்பு வேகத்துக்கு ஏற்பத் திருத்திய கியூடி) என்று ஒரு எண் அச்சாகியிருக்கும். பெரும்பாலான இயந்திரங்கள் அதைப் போடுவது பேஸட் 1920இல் தந்த சூத்திரத்தால்தான். கியூடியை (இதயக் கீழறையின் மின்னியக்கம் தொடங்கி முடியும் நேரம்), இரு துடிப்புக்கிடையிலான நேரத்தின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். துடிப்பு 100, கியூடி 360 மில்லிசெகண்டு என்றால் இடைவெளி 0.6 செகண்டு, அதன் வர்க்கமூலம் 0.775, கியூடிசி ஏறக்குறைய 465. வேகத் துடிப்பில் இது உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும் என்பது தெரிந்த குறை. லேபில் வரும் எல்டிஎல்லும் (கெட்ட கொலஸ்ட்ரால்) அப்படித்தான். நேரடியாக அளக்காத இடங்களில் 1972ஆம் ஆண்டின் ஃப்ரீட்வால்ட் கணக்குப் பல இடங்களில் இன்றும் ஓடுகிறது. மொத்தக் கொலஸ்ட்ரால் 210, எச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) 40, டிரைகிளிசரைடு 200 என்றால் 210இலிருந்து 40ஐயும், 200இல் ஐந்தில் ஒரு பங்கான 40ஐயும் கழித்து 130 என்பார்கள். டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் அந்தக் கணக்கு செல்லாது. இந்த அச்சுத் தாள் ஒன்றுகூட ஸ்கோபஸில் சைட்டேஷனாக ஏறுவதில்லை.

ஆய்வு சிறியது என்று தள்ளுவதும் தவறு. புருகாடா சகோதரர்கள் 1992இல் எழுதியது எட்டே நோயாளிகளைப் பற்றி. இன்று அது ஒரு நோயின் பெயர். தமிழ்நாட்டு ஸ்டெமி (ஒரு வகைக் கடும் மாரடைப்பு) திட்டத்தின் கட்டுரை 2017இல் ஜாமா கார்டியாலஜியில் வந்தது. 2,420 நோயாளிகளில், ஓராண்டு இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆனது என்றது. முன்–பின் ஒப்பீடுதான், குலுக்கல் முறைச் சோதனை இல்லை, அந்த அளவுக்குத்தான் நம்ப வேண்டும். ஆனால் சிறிய ஆஸ்பத்திரியில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி, பிறகு பெரிய இடத்தில் ஆஞ்சியோ என்ற ஏற்பாட்டுக்கு அது கொடுத்த வலுவை எச் இண்டெக்ஸில் தேடிப் பயனில்லை. 'எதிர்பார்த்தபடி வரவில்லை' என்ற முடிவுகளையும் விட்டுவிடாதீர்கள். வாத இதய நோயோடு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (சீரற்ற இதயத் துடிப்பு) உள்ளவர்களுக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளில் புதிய ரிவராக்சபானைவிடப் பழைய வார்ஃபரின் வகையே மேல் என்றது 2022இன் இன்விக்டஸ் சோதனை. நம் ஊர் ஓபி வரிசையில் இருப்பவர்களுக்கு நேராகப் பொருந்தும் செய்தி அது.

டாக்டர் தேடும் குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை. சைட்டேஷன் ஆஞ்சியோ செய்யும் கையைச் சொல்லாது. ஆஞ்சியோ செய்யும் கூடமான கேத்லேப் இரவிலும் இயங்குமா, மாரடைப்புக்கு உடனடி ஆஞ்சியோபிளாஸ்டி எத்தனை செய்கிறார்கள் என்று கேளுங்கள். நெஞ்சுவலி வந்த நேரத்தில் அதையும் கேட்க நிற்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

மேடை அறிமுகத்துக்குத் திரும்புவோம். எண் போட்டே ஆக வேண்டும் என்றால் மூலத்தையும் தேதியையும் சேர்த்து எழுதுங்கள்: 'ஸ்கோபஸ், ஜனவரி நிலவரம், சொந்த மேற்கோள் நீங்கலாக.' அதற்குக் கீழே, அவர் முதல் அல்லது கடைசிப் பெயராக நின்ற ஒரே ஒரு கட்டுரையை எடுத்து, அது யாருடைய சிகிச்சையில் எதை மாற்றியது என்று இரண்டு வரி. எழுதி முடித்ததும் பேச்சாளருக்கே அனுப்பிச் சரிபார்த்துவிடுங்கள். அடுத்தவர் கட்டுரை ஏதாவது உள்ளே புகுந்திருந்தால் முதலில் கண்டுபிடிக்கப் போகிறவர் அவர்தான்.