ஈரச் சருகில் இருந்து சிலந்தி எடுத்த கதை

ஐப்பசி மழையில் கன்னியாகுமரி மாவட்டம் கீரிப்பாறை பக்கம் ரப்பர் தோட்டத்து ஓரச் சருகைச் சலித்து எடுத்து வந்தேன். (பக்கத்து வனவிலங்குச் சரணாலயத்துக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் எடுக்கக் கூடாது.) தகரப் புனலுக்குள் வலைமேல் சருகு, மேலே குண்டு பல்பு, கீழே ஆல்கஹால் பாட்டில். சூட்டுக்குப் பயந்து பூச்சிகள் கீழே இறங்கி விழும் என்பது கணக்கு. விழுந்ததோ தண்ணீரும் சில உண்ணிகளும்தான்; சிலந்தி ஒன்றும் இல்லை.

பெரிய பல்பு போட்டேன், மேல்சருகு மொறுமொறுவென்று ஆனது, அடியில் ஈரம் அப்படியே. வலைக்கண்ணைப் பெரிதாக்கினால் பாட்டில் முழுக்க மண்.

கடைசியில் புனலின் உள்பக்கம் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. சூட்டில் எழுந்த ஆவி குளிர்ந்த தகரத்தில் வியர்த்து, ஒவ்வொரு துளியிலும் ஒரு குட்டிச் சிலந்தி ஒட்டிக் கிடந்தது. ஊனோபிடே குடும்பத்துச் சிலந்திகள் பெரும்பாலும் 1 முதல் 3 மில்லிமீட்டர்தான். ஒரு துளி போதும், தப்பாது. சொட்டிய நீர் ஆல்கஹாலையும் நீர்க்க வைத்திருந்தது.

பல்பையும் தகரப் புனலையும் ஓரமாகத் தூக்கி வைத்தேன். சருகைக் கொசுவலைப் பையில் தளர்வாக நிரப்பி, பருத்தித் துணியால் தைத்த நீளப் பைக்குள் தொங்கவிட்டு, அடியில் 80 சதவீத எத்தனால். துணி ஈரத்தை வெளியே விட்டுவிடும். ஃபேன் ஓடும் உள்ளறையில் மாட்டினேன்; திண்ணையில் மழைக்காற்றுக்குச் சருகு காயவே காயாது. தினமும் சருகை வெளியே கொட்டி, கிளறி, திரும்பப் போட வேண்டும். அசையாமல் பதுங்குபவை அப்போதுதான் நகரும். சிலந்திகள் விழ ஆரம்பித்தன, அப்பாடா.

லேபிளைப் பென்சிலில் எழுதிப் பாட்டிலுக்குள்ளேயே போடுங்கள். பேனா மை கரைந்துவிடும்.