சி.சி. கேட்கிறார்களா? எந்த சி.சி. என்று பாருங்கள்

தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜாப் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். கோர்ட்டும் பேங்கும் கூப்பிடு தூரம். "அண்ணே, சி.சி.க்கு எழுதணும்" என்று யார் வந்தாலும் "எங்க கேட்டாங்க?" என்றுதான் முதலில் விசாரிப்பேன்.

காலேஜில் கேட்டார்கள் என்றால் அவர்கள் கொடுத்த பட்டியலைக் காட்டச் சொல்வேன். டி.சி.யை ஒட்டி இருந்தால் அது நன்னடத்தைச் சான்று (கான்டக்ட் சர்டிபிகேட்). படித்த பள்ளியில் வாங்க வேண்டும். வருமானம், இருப்பிடம் இவற்றோடு இருந்தால் சாதிச் சான்று (கம்யூனிட்டி சர்டிபிகேட்); அதற்கு இ-சேவை மையம். சில பட்டியல்களில் சி.சி. இரண்டு இடத்தில் இருக்கும். தவறுதலாக இரண்டு முறை அடித்துவிட்டார்கள் என்று ஒன்றை விட்டுவிடாதீர்கள், இரண்டும் வேண்டும். மத்திய அரசு வேலைக்கு ஓ.பி.சி. சான்று தனி. நம்மூர் சாதிச் சான்றை மட்டும் நீட்டினால் ஏற்க மாட்டார்கள்.

சி.சி.க்குப் பின்னால் எண்ணும் சாய்கோடும் வருடமும் சேர்ந்து வந்தால் அது மாஜிஸ்திரேட் கோர்ட் விவகாரம்: காலண்டர் கேஸ். ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆரில் போடும் குற்ற எண்ணை இதோடு குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. குற்றப்பத்திரிகை தாக்கலாகி, கோர்ட் அதைக் கோப்பில் எடுத்த பிறகுதான் சி.சி. எண் விழும். இ-கோர்ட்ஸ் தளத்தில் வாய்தா தேதி பார்க்க வழக்கு எண் பகுதியில் சி.சி.யைத் தேர்ந்தெடுங்கள். கையில் குற்ற எண் மட்டும் இருந்தால் எஃப்.ஐ.ஆர். பகுதிக்குப் போங்கள்.

கடைக்காரர் ஸ்டாக் ஸ்டேட்மென்டோடு (சரக்குக் கணக்கு) வந்தால் கேஷ் கிரெடிட், அதாவது வியாபாரத்துக்கு பேங்க் தரும் கடன் வரம்பு. 10 லட்சம் லிமிட்டில் 4 லட்சம் எடுத்தால் அந்த 4 லட்சத்துக்கு மட்டும் வட்டி. அதே பேங்க் சி.சி.யை அவர் பையன் சொன்னால் பெரும்பாலும் கிரெடிட் கார்டு!

முன்னால் எண் இருந்தால் அளவு. 97.2 சி.சி. என்பது வண்டி இன்ஜினின் கன சென்டிமீட்டர். இரு சக்கர வாகனத்தின் தேர்டு பார்ட்டி பிரீமியம் 75, 150, 350 சி.சி.களைத் தாண்டும்போது மாறும். ஆகவே இன்சூரன்ஸ் படிவத்தில் ஆர்.சி.யில் உள்ளதை அப்படியே எழுதுங்கள். ஊசி மருந்தில் 1 சி.சி. என்பது 1 மில்லி. ஆங்கிலத்தில் கிறுக்கலாக எழுதிய சி.சி. இரண்டு சைபராகத் தெரியும். மருந்து விஷயத்தில் அது வம்பு. மி.லி. என்றே எழுதிவிடுங்கள்.

கடிதத்தின் அடியில் வருவது எங்கள் தொழிலிலிருந்து போனது. இரண்டு தாளுக்கு நடுவே கார்பன் வைத்து அடித்த காலத்தில், நகல் யாருக்கு என்று சொல்லும் குறிப்பு அது: கார்பன் காப்பி. மெயிலில் சி.சி. போட்டால் எல்லோருக்கும் எல்லார் பெயரும் தெரியும். தெரியக் கூடாது என்றால் பி.சி.சி. தமிழ் மனுவில் இந்தச் சுருக்கமே வேண்டாம், "நகல்:" என்று போட்டால் போதும்.

அப்புறம் ரோடு டெண்டரில் சிமென்ட் கான்கிரீட், பையன்கள் பனியனில் ஊர்ப் பெயருக்குப் பின்னால் வந்தால் கிரிக்கெட் கிளப்.