மத்தீஸின் ‘நத்தை’: ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு

“எனக்கு வரையவே வராது” என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காரும் பிள்ளைக்கு முதலில் கொடுக்க வேண்டியது, வண்ணத் தாளை வெட்டி நத்தைச் சுருளாக ஒட்டும் இந்த வேலையைத்தான். பென்சிலுக்கு இதில் வேலையே இல்லை.

பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மத்தீஸுக்கு 1941-இல் வயிற்றுப் புற்றுநோய் அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பின் நெடுநேரம் நின்று வரைய உடம்பு இடம் தரவில்லை. உதவியாளர்கள் தாளில் வண்ணம் பூசிக் கொடுக்க, உட்கார்ந்தபடியே கத்தரித்தார். ‘நத்தை’ 1953-இல் அப்படிச் செய்ததுதான். உயரம், அகலம் இரண்டுமே 2.86 மீட்டருக்குக் குறையாது. வகுப்புத் தரையில் சாக்பீஸால் அந்தச் சதுரத்தைப் போட்டுக் காட்டுங்கள். நான்கு பேர் உள்ளே படுத்துப் பார்ப்பார்கள்.

படத்தையும் காட்டுங்கள். மேலே இடப்பக்கம் இருக்கும் வெளிர் ஊதாத் துண்டின் ஓரத்தில் குட்டி நத்தை ஒன்று வெட்டப்பட்டிருக்கும். அதைத் தேடச் சொன்னால் வகுப்பு உங்கள் கையில்.

1. வண்ணம் பூசுதல். ஏ4 தாளில் போஸ்டர் கலர், ஒரு தாளுக்கு ஒரே நிறம். கடையில் விற்கும் கலர் பேப்பர் வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. பிரஷ் போன தடம் தெரிவதில்தான் இதன் அழகே. வாட்டர் கலரும் சரிப்படாது, வெளிறிப்போகும். தண்ணீர் அதிகமானால் தாள் சுருண்டுகொள்ளும். வண்ணம் தயிர்ப் பதத்தில் இருக்கட்டும். காய்ந்ததும் கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு வைத்துவிடுங்கள். ஆக, இது இரண்டு நாள் வேலை.

2. வெட்டுதல். கோடு போடாமல், மூலைகள் துருத்திக்கொண்டு நிற்கும் கோணல்மாணலான பத்துப் பன்னிரண்டு துண்டுகள். உள்ளங்கை அளவுக்குக் கீழே போனால் ஒட்டும்போது அழுகைதான்.

3. அடுக்குதல். எல்லாம் கெடுவது இங்கேதான். பசை கண்ணில் பட்டதும் பிள்ளைகள் முதல் துண்டை நட்டநடுவில் ஒட்டிவிடுவார்கள். அப்புறம் சுருள் எங்கே வரும்? பசையை உங்கள் மேசையிலேயே பூட்டி வையுங்கள். மத்தீஸே துண்டுகளைச் சுவரில் குண்டூசியால் குத்தச் சொல்லி, இடம் மாற்றி மாற்றிப் பார்த்த பிறகுதான் ஒட்ட வைப்பார். வெள்ளைச் சார்ட்டில் நடுவிலிருந்து நத்தைக்கூடு மாதிரி சுற்றி வைக்கச் சொல்லுங்கள். சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை, நீலத்துக்குப் பக்கத்தில் ஆரஞ்சு வைத்தால் இரண்டுமே எடுப்பாகத் தெரியும். “ஒரு துண்டை மட்டும் மாத்திப் பாரு” என்று இரண்டு முறையாவது கேட்டுவிட்டுத்தான் பசை.

4. ஒட்டுதல். க்ளூ ஸ்டிக் போதும், திரவப் பசை தாளை நெளிய வைக்கும். ஒரு துண்டை எடு, ஒட்டு, அதே இடத்தில் வை, பிறகு அடுத்தது. மொத்தமாகத் தூக்கினால் அடுக்கியது போச்சு. சுற்றிலும் ஆரஞ்சுத் துண்டுகளால் ஒரு சட்டம்.

பின்சேர்க்கை: இடக்கைப் பிள்ளைகளுக்கு வெட்டவே வரவில்லை என்று சிலர் எழுதியிருந்தீர்கள். சாதாரணக் கத்தரிக்கோல் வலக்கைக்காரர்களுக்கானது; இடக்கையில் பிடித்தால் அலகுகள் விலகித் தாள் மடங்கும். இடக்கைக் கத்தரிக்கோல் தனியாகக் கிடைக்கிறது. அது வரும்வரை கையால் கிழிக்கட்டும். கிழிந்த ஓரம் எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது.