ட்ரான்சிட் நேரம் குறைவாக இருந்தால்: தாயகம் செல்வோர் கவனிக்க வேண்டியவை

லண்டன், பாரிஸ், ரொறன்ரோ போன்ற நகரங்களிலிருந்து கொழும்புக்குச் செல்லும் நம்மவர்களில் பலர் டோஹாவிலோ துபாயிலோ விமானம் மாறுகிறார்கள். அதற்கு ஒன்றரை மணி நேரமே இருக்கிறதென்றால், அடுத்த விமானம் கிடைக்குமா என்பது பெரும்பாலும் பயணச்சீட்டு வாங்கும்போதே தீர்மானமாகிவிடுகிறது. இறங்கிய பின் ஓடி மிச்சம் பிடிக்கும் நேரம் மிகச் சொற்பம்.

இரண்டு விமானங்களும் ஒரே முன்பதிவு எண்ணில் இருக்க வேண்டும் என்பதே முதல் நிபந்தனை. அப்படி இருந்தால், முதல் விமானம் பிந்தி அடுத்ததைத் தவறவிட்டாலும் மாற்று விமானத்தில் இடம் தருவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. ஐரோப்பிய ஒன்றிய நாடொன்றிலிருந்து புறப்பட்ட பயணமாயின், நிறுவனத்தின் பக்கத்துக் காரணத்தால் கொழும்பை நான்கு மணி நேரத்துக்கு மேல் பிந்தி அடைந்தவர் 600 யூரோ இழப்பீடும் கோரலாம். மலிவு என்று தனித்தனியாக வாங்கிய சீட்டுகளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

சென்னை வழியாக யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்குச் செல்வோர் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். பலாலி 2019 அக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பின், சென்னை வரை ஒரு சீட்டும் அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு இன்னொரு சீட்டுமாக எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சென்னையில் குடிவரவைக் கடந்து, பயணப் பொதிகளை எடுத்து, மீண்டும் செக்-இன் செய்ய வேண்டியிருக்கும். அதற்கு இந்திய விசா தேவை. ஐந்து மணி நேரத்துக்குக் குறைவாக இதைத் திட்டமிடுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

டிசம்பரில் ரொறன்ரோவிலிருந்து புறப்படுவோர், விமானத்தின் இறக்கையில் படிந்த பனியை நீக்கவே கணிசமான நேரம் போகலாம் என்பதையும் கணக்கில் எடுத்து, இரண்டரை மூன்று மணி நேர இடைவெளியுள்ள பயணத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

செக்-இன் மேசையில் இரண்டு போர்டிங் பாஸ்களையும் கேட்டு வாங்குங்கள். பொதியில் ஒட்டும் பட்டியில் கொழும்புக்குரிய ‘சி.எம்.பி.’ என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று அங்கேயே வாசித்துப் பாருங்கள். டோஹாவின் குறியீடு மட்டும் இருந்தால் உடனே கேளுங்கள். கூடுமானவரை முன்வரிசையில், நடைபாதையோர இருக்கையைப் பிடியுங்கள். டோஹாவிலும் துபாயிலும் மாறிச் செல்பவர்களுக்கும் மீண்டும் பாதுகாப்புச் சோதனை உண்டு. ஊரிலிருந்து திரும்பும்போது அம்மா கட்டித்தந்த ஊறுகாய்ப் போத்தலோ நல்லெண்ணெயோ கைப்பையில் இருந்தால், 100 மில்லிலீற்றர் வரம்பைக் காட்டி அங்கே எடுத்துவிடுவார்கள். வரிசையில் நேரமும் போகும். அவற்றைப் பெரிய பொதியிலேயே வையுங்கள். போர்டிங் பாஸில் அச்சிட்ட வாயில் எண் மாறக்கூடும் என்பதால் இறங்கியதும் திரையைப் பாருங்கள். புறப்படும் நேரத்துக்கு ஏறக்குறைய இருபது நிமிடம் முன்பே வாயிலை மூடிவிடுவார்கள்.

வயதான பெற்றோரைக் குறுகிய ட்ரான்சிட்டில் அனுப்பவே வேண்டாம். சக்கர நாற்காலி உதவி கேட்டவர்களைப் பொதுவாக எல்லோரும் இறங்கிய பிறகே இறக்குகிறார்கள். பிறகு உதவியாளர் வரும்வரை காத்திருக்கவும் நேரிடும். அவர்களுக்கு மூன்று மணி நேரமாவது விட்டு, உதவியை 48 மணி நேரத்துக்கு முன்பே பதிவு செய்யுங்கள்.

அவசரமாக ஓடி நீங்கள் அடுத்த விமானத்தைப் பிடித்தாலும் உங்கள் பொதி பிடிக்காமல் போகலாம். ஆகவே மருந்துகளும் ஒரு மாற்றுடையும் கைப்பையில் இருக்கட்டும். கொழும்பு விமான நிலையமான கட்டுநாயக்காவில் பொதி வரவில்லையென்றால், பொதி எடுக்கும் மண்டபத்தை விட்டு வெளியேறுமுன் அங்குள்ள மேசையில் முறைப்பாட்டைப் பதிந்து, அதன் எண்ணை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.