நைட்ரஸ் போடுமுன் ஹெட்டிலும் கேஸ்கெட்டிலும் செய்யக்கூடாதவை

சுங்கை சிப்புட் பக்கம் பழைய புரோட்டோன் வீரா, சத்ரியா கார் வைத்திருக்கும் தம்பிகளுக்கு, இன்ஜினுக்குள் வாயு செலுத்திச் சக்தியைக் கூட்டும் நைட்ரஸ் மேல் ஆசை வந்தால், பட்டறையில் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, எந்தக் கேஸ்கெட் தாங்கும்?" என்பதுதான். கேள்வியே தப்பு. இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே அடைக்கும் கேஸ்கெட் சும்மா பழுதாவதில்லை. நைட்ரஸுக்கு ஏற்றபடி பெட்ரோல் போகாவிட்டாலோ, பிளக் பொறி விடும் நேரமான டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளாவிட்டாலோ டெட்டனேஷன், அதாவது பெட்ரோல் கலவை தானாக வெடித்து அடிப்பது, வரும். அந்த அடியில் ஹெட் லேசாகத் தூக்கும், கேஸ்கெட் எரியும். காரணத்தைத் தேடாமல் இன்னும் கெட்டியான கேஸ்கெட்டைப் போட்டால் அடுத்தது பிஸ்டன்தான். கூடுகிற ஒவ்வொரு 50 குதிரைத்திறனுக்கும் டைமிங் சுமார் 2 டிகிரி பின்னுக்கு என்பது பொதுவான தொடக்கக் கணக்கு.

சரி, எம்.எல்.எஸ். எனும் பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கெட் வாங்கியாயிற்று. அது உட்காரும் பரப்பை யார் பார்ப்பது? சத்ரியா ஜிடிஐயின் 4ஜி93 இன்ஜினில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். சூட்டில் இரண்டும் ஒரே அளவு விரியாது. கேஸ்கெட் மேல் ஹெட் நகரும். அதனால்தான் பரப்பு வழவழப்பாக இருக்க வேண்டும். ஆனால் நம் ஆட்கள் கிரைண்டரில் நார் வட்டை மாட்டிப் பழைய கேஸ்கெட்டைத் தேய்த்து எடுப்பார்கள். பார்க்கப் பளபளவென்று இருக்கும். நேர்ச்சட்டத்தை வைத்து, இரண்டு சிலிண்டருக்கு நடுவே இருக்கும் குறுகிய இடத்தில் ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். 0.05 மில்லிமீட்டர் தகடு நுழைந்தால் அந்த ஹெட் மெஷின் ஷாப்புக்குப் போக வேண்டியதுதான். வட்டிலிருந்து உதிர்ந்த தூளோ எண்ணெயில் கலந்து பேரிங்கைத் தின்னும். பிளாஸ்டிக் சுரண்டி போதும், பொறுமைதான் வேண்டும். ஈப்போவுக்கு ஹெட்டை மட்டும் சீவிச் சமமாக்க, அதாவது ஸ்கிம் பண்ணக் கொடுத்துவிட்டு, பிளாக்கை அளந்துகூடப் பார்க்காமல் விடுவதும் நடக்கிறது. மேலே சிலிக்கான் பூசிச் சரிக்கட்டலாம் என்று நினைக்கவே வேண்டாம்.

ஸ்கிம் பண்ணினால் கம்ப்ரஷன் (கலவை நெருக்கப்படும் அளவு) ஏறும். அதை இறக்கத் தடித்த கேஸ்கெட் போட்டால், பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி அகன்று, தவிர்க்க நினைத்த டெட்டனேஷனே திரும்பி வரலாம்.

போல்ட் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. நீளும் வகைப் பழைய போல்ட்டை மறுபடி முறுக்கினால் பிடிமானம் நிற்காது. அடி மூடிய போல்ட் குழியில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருக்க முறுக்கினால் பிளாக்கே விரியும். ஊதித் துடைத்துவிட்டு இறங்குங்கள். போல்ட்டுக்குப் பதில் மேலே நட்டு போடும் ஸ்டட் என்றால், அதைப் பிளாக்கில் கையால் மட்டும் முறுக்குங்கள். நட்டுக்குத் தயாரிப்பாளர் சொன்ன கிரீஸ், சொன்ன டார்க் (முறுக்கும் விசை அளவு). நடுவிலிருந்து வெளியே, படிப்படியாக.

எரியறையில் கூரான விளிம்பு எதையும் விட்டுவைக்காதீர்கள். அது கனன்று, பிளக் பொறி விடும் முன்பே பற்றவைத்துவிடும். எக்ஸாஸ்ட் வால்வ் சீட்டை மெல்லிய கோடாக வெட்டச் சொல்வதும் வேண்டாம், வால்வின் சூடு இறங்கும் வழி அதுதான். பிளக் ஒரு படியாவது குளிர்ந்த வகையாக இருக்கட்டும். என்ஜிகே பிளக்கில் எண் கூடினால்தான் குளிர்ச்சி.

மூடியபின் உடனே நைட்ரஸ் பாட்டிலைத் திறக்காதீர்கள். சில நாள் சாதாரணமாக ஓட்டி, இன்ஜின் ஆறியபின் தண்ணீர் குறைகிறதா, எண்ணெய் பால் நிறமாகிறதா என்று பாருங்கள். திறப்பதும் ரேஸ் டிராக்கில்தான், செம்பனை லாரி வரும் எஸ்டேட் ரோட்டில் இல்லை.