தொழிற்கூட அறைக்கு எத்தனை டன் குளிரூட்டல் வேண்டும்? கணக்கிடும் முறை

அறையின் நீள அகலத்தைப் பார்த்து ஏசி அளவைச் சொல்லிவிடும் வழக்கம் இயந்திரங்கள் ஓடும் அறைக்கு உதவாது. அங்கே சூட்டின் பெரும்பங்கு இயந்திரங்களிலிருந்து வருகிறது. அதனால் கணக்கையும் அங்கிருந்தே தொடங்குவோம்.

மனத்தில் வைக்க வேண்டிய விதி ஒன்றுதான்: அறைக்குள் வரும் மின்சாரம் வேறு வழியில் வெளியே போகாவிட்டால், முழுவதும் வெப்பமாகவே முடியும். மோட்டார் சுற்றுவதும் கத்தி இரும்பைச் சீவுவதும் பெல்ட் உரசுவதும் கடைசியில் அறையின் காற்றைத்தான் சூடாக்குகின்றன.

படி 1: உண்மையில் இழுக்கும் மின்சாரத்தை அளந்து பாருங்கள்

புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். மோட்டாரின் பெயர்ப்பலகையில் 7.5 கிலோவாட் என்று இருந்தால் அது தண்டில் (சுழலும் ஷாஃப்ட்டில்) கிடைக்கும் அதிகபட்சத் திறன். உள்ளே இழுப்பது சுமையைப் பொறுத்தது; பெரும்பாலான இயந்திரங்கள் முழுச் சுமையில் ஓடுவதே இல்லை. தகுதியுள்ள எலக்ட்ரீஷியனைக் கொண்டு, வேலை மும்முரமாக நடக்கும் நேரத்தில் கிளாம்ப் மீட்டரால் அளக்கச் சொல்லுங்கள். மூன்று ஃபேஸ் என்றால்:

வாட் = 1.732 × வோல்ட் × ஆம்பியர் × பவர் ஃபேக்டர்

பவர் ஃபேக்டர் என்பது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவதில் உண்மையான வாட்டாக மாறும் பங்கு. 400 வோல்ட், 10 ஆம்பியர், பவர் ஃபேக்டர் 0.8 என்றால் சுமார் 5.54 கிலோவாட். இப்படி இரண்டு இயந்திரங்கள் இருந்தால் 11.1 கிலோவாட்.

பேனலுக்கு வரும் கேபிளில் அளந்தால் டிரைவின் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவியின்) இழப்பும் அதற்குள் அடங்கிவிடும். அதைத் தனியாக மறுபடி கூட்டாதீர்கள்.

படி 2: வெப்பம் எங்கே போகிறது என்று பாருங்கள்

இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. மோட்டாரும் அது ஓட்டும் இயந்திரமும் அறைக்குள் இருந்தால் இழுக்கும் மின்சாரம் முழுவதும் அறைக்கு. மோட்டார் வெளியே, இயந்திரம் உள்ளே என்றால் தண்டின் திறன் மட்டும். மோட்டார் உள்ளே இருந்து, வேலை வெளியே போனால் மோட்டாரின் இழப்பு மட்டும்.

ஒரு பம்ப் அறைக்குள் நிற்கிறது. தண்ணீரை வெளியே தள்ளுகிறது. தண்டில் 5.5 கிலோவாட், செயல்திறன் 88 சதவீதம். இழுப்பது 6.25, அறைக்கு வருவது வெறும் 0.75 கிலோவாட். முழுவதையும் சேர்த்திருந்தால் ஒன்றரை டன்னுக்கும் மேல் வீணாக வாங்கியிருப்போம்.

காற்றை அழுத்தித் தரும், காற்றாலேயே குளிரும் ஸ்க்ரூ கம்ப்ரசர் இதற்கு நேரெதிர். இழுக்கும் மின்சாரத்தில் ஏறத்தாழ எல்லாமே சூடான காற்றாக வெளிவரும். அதை ஏசியால் எதிர்கொள்வதைவிட டக்ட் போட்டு வெளியே விடுவதே நல்லது.

படி 3: மற்றவை

விளக்குகள் 10 × 40 வாட் = 0.4 கிலோவாட். நின்று வேலை செய்பவருக்கு ஏறத்தாழ 250 வாட், இருவருக்கு 0.5. கூரைக்குப் பரப்பு × யு மதிப்பு (ஒரு சதுர மீட்டர் வழியாக ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு எத்தனை வாட் உள்ளே வரும் என்ற அளவு) × வெப்பநிலை வேறுபாடு: 60 சதுர மீட்டர், யு மதிப்பு 1, வேறுபாடு 30 டிகிரி என்றால் 1.8. வெயில் படும் கூரை வெளிக்காற்றைவிடச் சூடாகும் என்பதால்தான் 30 வைத்தேன். சுவர்களுக்கும் இதே வழி. இந்த அறையைச் சுற்றிலும் குளிரூட்டிய அறைகள் இருப்பதாகக் கொள்வோம்; அதனால் சுவர்களுக்கு எதுவும் கூட்டவில்லை. உள்ளே எடுக்கும் வெளிக்காற்று நொடிக்கு 0.1 கன மீட்டர், 12 டிகிரி அதிகச் சூடு: 1.2 × 0.1 × 12 = 1.4 (ஒரு கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்கத் தேவைப்படும் கிலோஜூல்தான் அந்த 1.2). ஈரப்பதம் மிகுந்த ஊரில் அந்த ஈரத்தை நீக்கும் சுமையும் இதனுடன் சேரும்.

படி 4: கூட்டி, டன்னுக்கு மாற்றுங்கள்

11.1 + 0.75 + 0.4 + 0.5 + 1.8 + 1.4 = சுமார் 16 கிலோவாட். குளிரூட்டலில் ஒரு டன் என்பது எடையல்ல, 3.517 கிலோவாட் வெப்பத்தை நீக்கும் திறன். 16 ÷ 3.517 = 4.5 டன். பத்து சதவீதம் கூடுதலாக வைத்தால் 5 டன்.

இரண்டு இயந்திரங்களும் 7.5 கிலோவாட் மோட்டார் கொண்டவை என்றால், பெயர்ப்பலகையை மட்டும் நம்பியிருந்தால் பம்போடு சேர்த்து மூன்று மோட்டார்களுக்கே 7.5 + 7.5 + 5.5 = 20.5 கிலோவாட் வந்திருக்கும். அளவுக்கு மீறிய ஏசி அடிக்கடி நின்று நின்று ஓடும், ஈரப்பதத்தையும் சரியாக இழுக்காது.

ஏசி தேவையா, காற்றோட்டம் போதுமா?

அறை வெளிக்காற்றைவிடச் சில டிகிரி சூடாக இருக்கலாம் என்றால் எக்ஸாஸ்ட் ஃபேனே போதும். நொடிக்குக் கன மீட்டர் = கிலோவாட் ÷ (1.2 × அனுமதிக்கும் உயர்வு). உள்ளே உருவாகும் வெப்பம் 13 கிலோவாட், உயர்வு 8 டிகிரி என்றால் நொடிக்கு 1.35, அதாவது மணிக்கு சுமார் 4,900 கன மீட்டர். காற்று உள்ளே வர வழி விடாமல் ஃபேனை மட்டும் மாட்டினால் இந்த அளவு கிடைக்காது. ஃபேன் எவ்வளவு பெரிதானாலும் அறையை வெளிக்காற்றுக்குக் கீழே குளிர்விக்காது; துல்லிய அளவீட்டுக் கருவிகள் உள்ள அறைக்கு ஏசிதான்.