'கூல்' நம்ம 'குளிர்'தானா? சொல்லின் வேர் தேடும்போது சறுக்கும் இடங்கள்

ஆங்கில 'கூல்' நம்முடைய 'குளிர்'தான் என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி வரும். ஓசை ஒக்கிறது, பொருளும் ஒக்கிறது, வேறென்ன வேண்டும்?

பழைய வடிவம் வேண்டும். இன்றைய சொல்லை இன்றைய சொல்லோடு ஒப்பிடுவதுதான் முதல் தவறு. 'கூல்' பழைய ஆங்கிலத்தில் 'கோல்'. லத்தீனில் அதற்கு உறவு 'கெலு', அதாவது உறைபனி. இந்தக் 'கெ'வில் இருப்பது 'கடல்' என்பதன் ககர ஒலி (k) அல்ல, 'காந்தி' என்பதன் ககர ஒலி (g). நம் எழுத்தில் இரண்டும் ஒன்றே என்பதால், தமிழில் எழுதி ஒப்பிட்டாலே பாதி ஏமாந்துவிடுவோம். லத்தீன், ஆங்கிலம் முதலியவற்றின் பொது மூதாதையான மூல இந்தோ-ஐரோப்பிய மொழியில் 'காந்தி' ஒலியாக இருந்தது, ஆங்கிலம் அடங்கிய ஜெர்மானியக் கிளையில் 'கடல்' ஒலியாக மாறியது. ஜெர்மன் மொழியறிஞர் யாக்கோப் கிரிம் 1822இல் விளக்கிய விதி இது. லத்தீனில் வயலைக் குறிக்கும் 'அகெர்' சொல்லுக்கு உறவான ஆங்கில 'ஏக்கர்', 'கடல்' ஒலியோடு இருக்கும் கதையும் அதுவே. ஆக, பின்னோக்கிப் போகப் போக 'கூல்' குளிரை விட்டு விலகுகிறது. குளிருக்கு மலையாளத்தில் உடன்பிறப்பு இருக்கிறது. ஐரோப்பாவில் தேட வேண்டியதில்லை.

கடனாகப் போயிருக்கலாமே என்பார்கள். கடன் போக வழி வேண்டும். நம் கட்டுமரமும் சுருட்டும் ஆங்கிலத்தில் 'கேட்டமரான்', 'செரூட்' ஆகப் போய்ச்சேர ஐரோப்பிய வணிகர்கள் இருந்தார்கள். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே 'கூல்' ஆங்கிலத்தில் வழங்கியது.

அடுத்த தவறு, அழகான கதையை நம்புவது. 'சின்சியர்' என்றால் லத்தீனில் 'மெழுகு இல்லாமல்' என்று பொருளாம். சிற்பிகள் விரிசலை மெழுகால் மறைக்காமல் நேர்மையாக விற்றார்களாம். மேடைப் பேச்சாளர்களுக்குப் பிடித்த கதை. ஆக்ஸ்ஃபோர்டு அகராதி இந்த விளக்கத்தை ஏற்கவில்லை. 'சின்கேருஸ்' என்ற லத்தீன் சொல்லுக்குத் தூய, கலப்பில்லாத என்பதே பொருள்.

மூன்றாவது, வேரின் பொருளே 'உண்மையான' பொருள் என்று பிடிவாதம் பிடிப்பது. 'நைஸ்' லத்தீனில் 'அறியாத' என்று தொடங்கி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு 'முட்டாள்தனமான' என்ற பொருளில் வந்து சேர்ந்தது. பிறகு 'நுணுக்கமான', அப்புறம்தான் 'இனிய'. அதற்காக இன்று யாரும் அதை வசவாக எடுத்துக்கொள்வதில்லை. நம் 'நாற்றம்' ஒருகாலத்தில் நறுமணத்தையும் குறித்தது. அந்தத் துணிச்சலில் ஒரு கல்யாண வீட்டில் மணமாலையைப் புகழ்ந்து பாருங்கள்.